மூடி போடச் சொன்ன மேரி கியூரி அம்மையார்



மேரி கியூரி அம்மையார் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. நம்ம பிள்ளைகளைக் கேட்டால், ரேடியத்தைக் கண்டுபிடித்தவர், இரண்டு தடவை நோபல் பரிசு வாங்கியவர் என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும். பரீட்சையில் ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் அந்த அம்மா அக்காவோடு சேர்ந்து போட்ட ஒரு கடன் ஒப்பந்தமும், பத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நடத்திய ஒரு வகுப்பும் எந்தக் கேள்வித்தாளிலும் வருவதில்லை. குழு நடத்துகிற நமக்கு அவைதான் முக்கியம். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே அவர் கதையைச் சொல்கிறேன்.

அழுத பிள்ளை

1867-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி, போலந்து நாட்டின் வார்சா நகரத்தில் மரியா பிறந்தாள். வீட்டில் ஐந்தாவது பிள்ளை, கடைக்குட்டி. அப்பா கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். அம்மா பெண்பிள்ளைகள் பள்ளி ஒன்றை நடத்தியவர். படித்த குடும்பம்தான், ஆனால் வசதி இல்லை. அப்போது வார்சா ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. போலந்துப் பற்று உள்ளவர் என்று அப்பாவின் பதவியைக் குறைத்துவிட்டார்கள். கையில் இருந்த சேமிப்பும் தவறான இடத்தில் போட்டுப் போயிற்று. வீட்டிலேயே மாணவர்களைத் தங்க வைத்து, சோறு போட்டு, அதில் வருகிற காசில் குடும்பம் ஓடியது. மூத்த அக்கா காய்ச்சலில் இறந்தாள். மரியாவுக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மாவும் காசநோயில் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் பாடம் நடத்தக் கூடாது என்பது அரசாங்க உத்தரவு. மரியா படித்த பள்ளியில் டீச்சர்கள் ரகசியமாகப் போலந்து மொழியில் வரலாறு நடத்தினார்கள். அதிகாரி வருகிறார் என்று மணி அடித்தால் போதும், புத்தகங்கள் எல்லாம் ஒளிந்துவிடும், பிள்ளைகள் கையில் ஊசியும் துணியும் வந்துவிடும். அதிகாரி உள்ளே வந்தால் யாராவது ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்பார். வகுப்பிலேயே சின்னவள், ஆனால் ரஷ்ய மொழி நன்றாகப் பேசுபவள் என்பதால் டீச்சர் மரியாவைத்தான் எழுப்பிவிடுவார். அவள் ஜெபம் சொல்வாள், ரஷ்ய மன்னர்களின் பெயர்களை வரிசை தவறாமல் சொல்வாள். ஒரு பிழை இருக்காது. ஒரு தடவை அதிகாரி திருப்தியாக வெளியே போனதும் பிள்ளை அழுதுவிட்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும். பதில் எல்லாம் சரி, மார்க் போட்டால் நூற்றுக்கு நூறு. ஆனால் பிள்ளை உள்ளுக்குள் நடுங்கிக்கிட்டு இருந்தாள். பதில் தெரிவது வேற, தைரியம் வேற என்பது மரியாவுக்கு அந்த வயசிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு பக்கம் வீடு இருந்தது. பள்ளிகளில் ஆய்வுக்கூடப் பாடமே கூடாது என்று ரஷ்ய அதிகாரிகள் நிறுத்தியபோது, அப்பா அந்தக் கருவிகளில் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கண்ணாடி அலமாரிக்குள் குழாய்கள், சின்னத் தராசு, கற்கள் என்று வரிசையாக இருக்கும். சிறுமி மரியா அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அதில் மார்க் இல்லை, மிரட்டல் இல்லை. என்ன, ஏன் என்று அவள் கேட்டால் அப்பா பதில் சொல்வார். அவள் மனசில் அறிவியல் முளைத்தது அந்த அலமாரி முன்னால்தான்.

அக்காவும் தங்கச்சியும் போட்ட ஒப்பந்தம்

1883-இல் பதினைந்து வயதில் தங்கப் பதக்கத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தாள். ஆனால் வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. அதனால் பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீடு வீடாக இடம் மாற்றி ரகசியமாக வகுப்பு நடத்தினார்கள். இன்றைக்கு ஒரு வீட்டில், அடுத்த முறை இன்னொரு வீட்டில், போலீஸ் கண்ணில் படாமல். பறக்கும் பல்கலைக்கழகம் என்று அதற்குப் பெயர். மரியாவும் அக்கா பிரோனியாவும் அதில் சேர்ந்தார்கள். படித்தவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம்.

பிரோனியாவுக்கு டாக்டர் ஆகணும் என்று ஆசை. மரியாவுக்கும் மேலே படிக்கணும். இரண்டு பேரும் பாரிஸ் போனால்தான் முடியும். இரண்டு பேருக்கும் காசு கிடையாது. அப்போது தங்கச்சி ஒரு வழி சொன்னாள். முதலில் அக்கா பாரிஸ் போகட்டும், தங்கச்சி வேலை பார்த்துப் பணம் அனுப்புவாள். அக்கா டாக்டர் ஆனதும் தங்கச்சியைக் கூப்பிட்டுக்கொள்ளணும். நம்ம பாஷையில் சொன்னால் முதல் சுற்று அக்காவுக்கு, அடுத்த சுற்று தங்கச்சிக்கு. பத்திரம் இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை. ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த நம்பிக்கைதான் உத்தரவாதம்.

1886 ஜனவரியில், பதினெட்டு வயது மரியா வார்சாவிலிருந்து வெகு தூரம் தள்ளி ஸ்சூகி என்ற கிராமத்துக்குப் போனார். பீட்ரூட் பயிரிட்டுச் சர்க்கரை எடுக்கிற பகுதி அது. அங்கே ஒரு பண்ணை மேலாளர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலை. வருஷத்துக்கு 500 ரூபிள் சம்பளம். அதில் கிட்டத்தட்டப் பாதியை மாசா மாசம் அக்காவுக்கு அனுப்பினார்.

அந்த ஊரில் பண்ணைக் கூலிகளின் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் எழுத்து தெரியாமல் திரிந்தார்கள். மரியா சும்மா இருக்கவில்லை. வீட்டுக்காரர்களிடம் கேட்டு, தன் அறையிலேயே அந்தப் பிள்ளைகளுக்குப் போலந்து எழுத்து சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டின் மூத்த மகளும் கூட உதவினாள். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் கடும் தண்டனை கிடைக்கும். இருந்தும் செய்தார். வேலைக்கு வந்த இடத்தில் எஜமானர் பிள்ளைக்குச் சம்பளத்துக்குப் பாடம், வேலைக்காரர் பிள்ளைக்கு இனாமாகப் பாடம்.

அந்த வீட்டு மூத்த மகன் அவரை விரும்பினார். கல்யாணம் பேச்சு வந்தபோது, சம்பளத்துக்குப் பாடம் சொல்ல வந்த காசில்லாத பெண் நம் வீட்டுக்கு மருமகளா என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அதே வீட்டில் தலை நிமிர்ந்து வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அக்காவின் தவணை முடியவில்லை. அதனால் மரியா பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தார். பகலில் வேலை, ராத்திரியில் தனியாக இயற்பியல், கணக்குப் புத்தகங்கள். புரியாத கணக்கை அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதிக் கேட்பார்.

வார்சா திரும்பிய பிறகு, ஒரு சொந்தக்காரர் பொறுப்பில் இருந்த அருங்காட்சியகத்தில் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போய் முதன்முதலாகத் தன் கையால் சோதனைகள் செய்தார். சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் மனசு ஒடிந்துவிடும். ஆனாலும் புத்தகத்தில் படித்தது கையில் நடக்கும்போது கிடைக்கிற சந்தோஷம் அவரை விடவில்லை.

பிரோனியா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1891-இல் தங்கச்சியைப் பாரிசுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். மரியா சாப்பாடு, படுக்கை, உட்கார ஒரு மடக்கு நாற்காலி எல்லாம் சுமந்துக்கிட்டு, மலிவான ரயில் வகுப்பில் கிளம்பினார். வயது இருபத்து நான்கு. இந்த வயசுக்கு மேல என்ன படிப்பு என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

திருப்பிக் கொடுத்த உதவித்தொகை

பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் மேரி என்ற பெயரில் சேர்ந்தார். முதல் அடியே சறுக்கல். பிரெஞ்சு மொழி தெரியும் என்று நினைத்திருந்தார், பேராசிரியர் வேகமாகப் பேசினால் பாதி பிடிபடவில்லை. கணக்கிலும் மற்றவர்களை விடப் பின்தங்கி இருந்தார். அடிப்படை பலமில்லை என்று நம்ம பிள்ளைகளைச் சொல்கிறார்களே, அதே நிலைமைதான். விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துப் படித்தார். மாடி அறை ஒன்றில் குடியிருந்தார். குளிர்காலத்தில் பாத்திரத்துத் தண்ணீர் உறைந்து போகும். இருக்கிற துணியையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு தூங்குவார். சரியாகச் சாப்பிடாமல் மயங்கி விழுந்ததும் உண்டு. 1893-இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம். அடுத்த வருஷம் கணக்குப் பட்டத் தேர்வில் இரண்டாமிடம்.

நடுவில் காசு தீர்ந்து படிப்பு நிற்க இருந்தது. அப்போது போலந்து மாணவர்களுக்கான உதவித்தொகை 600 ரூபிள் கிடைத்தது. அது திருப்பித் தர வேண்டிய கடன் இல்லை. ஆனால் பிறகு முதன்முதலாக ஓர் ஆராய்ச்சிக்குக் கூலி கிடைத்தபோது, மேரி அந்தத் தொகையைச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தன்னைப் போல் இன்னொரு ஏழைப் பெண் அந்தப் பணத்துக்காகக் காத்திருப்பாள் என்பது அவர் எண்ணம். சுழல் நிதி என்று நாம் சொல்வதை அவர் யாரும் கேட்காமலே செய்தார்.

1895-இல் பியர் கியூரி என்ற விஞ்ஞானியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1897-இல் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டுதான் பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1898-இல் கணவனும் மனைவியுமாகப் பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். பொலோனியம் என்ற பெயர் தாய்நாடான போலந்தின் நினைவாக வைத்தது. மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு பழைய கொட்டகைதான் அவர்களுக்குக் கிடைத்த இடம். டன் கணக்கில் தாதுக் கழிவை அண்டாவில் கொதிக்க வைத்து, தன் உயரத்துக்கு இருக்கிற இரும்புக் கம்பியால் நாள் முழுக்கக் கிண்டினார். 1902 வரை பாடுபட்டுக் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பு. 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் அந்தப் பரிந்துரையில் மேரி பெயரே இல்லை. பியர் அதை அறிந்து, இது இருவரும் செய்த வேலை என்று எழுதிய பிறகுதான் சேர்த்தார்கள்.

பெண்பிள்ளைகள் கையில் கருவி

இந்த ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கும்போதே மேரி ஒரு டீச்சர் வேலையும் பார்த்தார். 1900 முதல் பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில், பெண்பிள்ளைகள் பள்ளிகளுக்கு ஆசிரியைகளை உருவாக்குகிற கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். அதுவரை அங்கே பாடம் என்றால் கரும்பலகையும் நோட்டும்தான். சோதனை செய்ய வேண்டும் என்று மேரி பிடிவாதமாக இருந்தார். கருவிகளை மாணவிகளின் கையில் கொடுத்தார். நாளைக்கு டீச்சராகப் போகிற பெண்ணுக்கே கருவியைத் தொடப் பயம் இருந்தால், அவள் வகுப்புப் பிள்ளைக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

1906 ஏப்ரல் 19-ஆம் தேதி மழை நாளில் ரோட்டைக் கடக்கும்போது சரக்குக் குதிரை வண்டியில் அடிபட்டுப் பியர் இறந்துபோனார். மேரிக்கு வயது முப்பத்தெட்டு. ஐரீனுக்கு எட்டு, சின்னவள் ஈவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அரசாங்கம் கொடுக்க வந்த விதவை உதவித்தொகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், உழைத்துச் சாப்பிட முடியும் என்றார். கணவர் பார்த்த பேராசிரியர் வேலையை அவரே ஏற்றார். நவம்பர் 5-ஆம் தேதி முதல் வகுப்பு. சோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது, அழுவார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவர் வந்தார், பியர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ அந்த இடத்திலிருந்து தொடங்கினார்.

பெற்றோர்கள் நடத்திய பள்ளி

இனிதான் நமக்கு வேண்டிய கதை. ஐரீன் பள்ளிக்குப் போகிற வயது. பிள்ளைகளை மணிக்கணக்கில் அடைத்து வைத்து மனப்பாடம் செய்ய வைக்கிற முறை மேரிக்குப் பிடிக்கவில்லை. ஓடி விளையாடுகிற வயதில் நேரம் எல்லாம் பெஞ்சிலேயே போகிறதே என்ற கவலை. தனியாக என்ன செய்ய முடியும்? சக பேராசிரியர்களின் குடும்பங்களோடு பேசினார். எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டுறவு போட்டார்கள். அவரவருக்குத் தெரிந்ததை எல்லார் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு. 1907 முதல் அது நடந்தது. ஏறக்குறைய பத்துப் பிள்ளைகள், பெண்ணும் ஆணும் சேர்ந்தே. ஒரு நாளைக்கு ஒரு பாடம்தான். மற்ற நேரம் விளையாட்டு, கைவேலை.

ழான் பெரென் வேதியியல் எடுத்தார், பால் லான்ஜெவின் கணக்கு எடுத்தார். இரண்டு பேருமே பெரிய விஞ்ஞானிகள். அவர்கள் வீட்டுப் பெண்களும் நண்பர்களும் இலக்கியம், வரலாறு, மொழி எடுத்தார்கள். ஒரு சிற்பி களிமண்ணில் உருவம் செய்யச் சொல்லிக் கொடுத்தார். மேரி வியாழக்கிழமை மதியம் இயற்பியல் எடுத்தார். இந்தக் கூட்டுப் பள்ளியைப் பாரிஸ் பத்திரிகை ஒன்று கேலியாகக்கூட எழுதியது. எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாத பொடிசுகள் கையில் ஆய்வுக்கூடமா என்று.

அந்தப் பிள்ளைகளில் இசபெல் ஷாவான் என்ற பெண் மேரியின் பாடங்களை ஒழுங்காக நோட்டில் எழுதி வைத்தாள். அந்த நோட்டு பத்திரமாக இருந்து, ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பிறகு 2003-இல் புத்தகமாக வந்தது. அதனால்தான் மேரி என்ன சொல்லிக் கொடுத்தார் என்று இன்று நமக்குத் தெரிகிறது. காலி பாட்டிலுக்குள் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, காற்றுக்கு எடை உண்டா, குழாயைத் திறந்தால் தண்ணீர் எப்படி மேலே ஏறி வருகிறது, ஒரு பொருள் ஏன் மிதக்கிறது, இன்னொன்று ஏன் மூழ்குகிறது. எல்லாம் வீட்டுச் சமாச்சாரம். காலி பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அழுத்திச் சாய்த்தால் குமிழ் குமிழாக வரும். உள்ளே காற்று இருந்தது என்று டீச்சர் சொல்ல வேண்டாம், குமிழே சொல்லிவிடும்.

ஒரு நாள் சைக்கிள் பேரிங் குண்டுகளை மையில் நனைத்து, சாய்வாக வைத்த பலகை மேல் உருள விட்டார்கள். குண்டு போன வழியெல்லாம் மை கோடாக விழுந்தது. எறிந்த பந்து எப்படி வளைந்து விழுகிறது என்ற விதி பிள்ளைகளின் கண் முன்னால் தாளில் வந்துவிட்டது. இன்னொரு நாள் பிள்ளைகளே வெப்பமானி செய்தார்கள். கடையில் வாங்கிய வெப்பமானியும் அவர்கள் செய்ததும் ஒரே அளவைக் காட்டியபோது அவர்களுக்கு வந்த பெருமை கொஞ்ச நஞ்சம் இல்லை.

மேரி செல்லம் கொடுக்கிற டீச்சர் இல்லை என்பதையும் சொல்லணும். மேஜையை அசிங்கம் பண்ணிவிட்டு அப்புறம் துடைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார், அசிங்கம் ஆகாமலே வேலை செய்யணும் என்பார். மனக்கணக்கில் அவசரப்பட வேண்டாம், தப்பு வரக் கூடாது என்பார். ஆனால் தெரியவில்லை என்று சொன்ன பிள்ளையை அவமானப்படுத்த மாட்டார். கண்டிப்பு வேலையில் இருந்தது, பிள்ளையின் மனசு மேல் இல்லை. சின்ன வயசில் அதிகாரி முன்னால் நடுங்கிய அந்தப் பிள்ளையை அவர் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த மூடி

ஒரு வகுப்பில் சூடான திரவம் இருந்த பாத்திரம் ஒன்றைக் காட்டி, இது ஆறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் கெட்டிக்காரர்கள், விஞ்ஞானி வீட்டுப் பிள்ளைகள். கம்பளியால் சுற்றலாம் என்றது ஒன்று. வெளிக்காற்று படாமல் தனியாகப் பிரித்து வைக்கலாம் என்றது இன்னொன்று. இப்படி ஆளுக்கொரு பெரிய யோசனை. மேரி சிரித்துவிட்டு, நானாக இருந்தால் முதலில் மூடியைப் போடுவேன் என்றார். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

அடுப்படியில் நிற்கிற யாருக்கும் இது தெரியும். ரசத்தை இறக்கியதும் தட்டைப் போட்டு மூடுகிறோம். நீராவியோடு சூடு வெளியே போவதைத் தடுக்கிறோம். அது அறிவியல் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பழைய முட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்று பார்த்து ஒதுக்குகிறோம். நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் போய், உள்ளே காற்று கூடுகிறது, முட்டை லேசாகிறது, அதனால் மிதக்கிறது. குழாயில் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று மேரி நடத்திய பாடத்துக்கு நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டியே போதும். பிள்ளை இதைப் பற்றிக் கேட்டால், போய்ப் படி, எனக்கு என்ன தெரியும் என்று விரட்டிவிடுகிறோம். நமக்குத் தெரிந்ததை நாமே தெரியாது என்கிறோம். பிள்ளை கேட்பதை நிறுத்திவிடுகிறது. பிளஸ் ஒன் சேரும்போது, சயின்ஸ் எனக்கு வராதும்மா என்று அது சொல்வதற்கு விதை அங்கேதான் விழுகிறது.

அந்தக் கூட்டுப் பள்ளி ரொம்ப நாள் ஓடவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் நின்றுவிட்டது. பெற்றோர்களுக்கு அவரவர் வேலைப் பளு. பிள்ளைகளும் அரசுத் தேர்வுக்குத் தயாராகி ஆகணும். அதனால் வழக்கமான பள்ளிக்கே போனார்கள். நல்ல முயற்சி நின்று போவது நமக்குப் புதுசா என்ன? எத்தனை குழு இரண்டு வருஷத்தில் கலைந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷம் வீணாகவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஐரீனும், பெரெனின் மகன் பிரான்சிஸும் பின்னாளில் விஞ்ஞானிகள் ஆனார்கள்.

கற்றவர் கற்பித்தார்

1911-இல் மேரிக்கு இரண்டாவது நோபல் பரிசு, இந்தத் தடவை வேதியியலுக்கு, தனியாக. அதே வருஷம் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. பத்திரிகைகள் அவர் சொந்த வாழ்க்கையை இழுத்துத் தாறுமாறாக எழுதின. உடம்பும் மனசும் நொந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. காயம்பட்ட சிப்பாய்களின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே வேணும், ஆனால் போர்முனையில் எக்ஸ்ரே இல்லை. மேரி மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவியைப் பொருத்தினார். ஏறக்குறைய இருபது வண்டிகள் இப்படி ஏற்பாடு செய்தார். தானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார், பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார். வயது அப்போது நாற்பத்தேழுக்கு மேல். கருவியை இயக்க ஆள் வேண்டுமே? பல தரப்புப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். ஏறக்குறைய 150 பெண்கள் எக்ஸ்ரே இயக்குநர்களாகத் தயாரானார்கள். கூடவே நின்று சொல்லிக் கொடுத்தவள் பதினெட்டு, பத்தொன்பது வயது ஐரீன். மேரியின் வியாழக்கிழமை வகுப்பில் படித்த அதே பிள்ளை.

ரேடியம் எடுக்கும் முறைக்கு மேரியும் பியரும் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீஸ்வரர்கள். அந்த அறிவு எல்லாருக்கும் பொது என்று நினைத்தார்கள். விளைவு, பின்னாளில் மேரியின் ஆய்வுக்கூடத்துக்கே ரேடியம் வாங்கக் காசு இல்லை. ஒரு கிராம் ஒரு லட்சம் டாலர். இதைக் கேள்விப்பட்ட ஓர் அமெரிக்கப் பெண் பத்திரிகை ஆசிரியர், நாட்டுப் பெண்களிடம் நன்கொடை திரட்டினார். சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள், தொகை சேர்ந்தது. 1921 மே மாதம் அமெரிக்க அதிபர் கையால் அந்த ஒரு கிராம் ரேடியத்தை மேரி பெற்றார். அதற்கு முந்தின நாள் பத்திரத்தைப் படித்துப் பார்த்தார். தன் பெயரில் இருந்தது. தான் இறந்தால் அது பிள்ளைகளின் சொத்தாகிவிடும், அது சரியில்லை, ஆய்வுக்கூடத்துக்குச் சேர வேண்டும் என்று வக்கீலைக் கூப்பிட்டு அன்று ராத்திரியே மாற்றி எழுத வைத்தார். குழுப் பணம் வேற, வீட்டுப் பணம் வேற என்று நாம் தீர்மான நோட்டில் எழுதுகிறோமே, அதைவிட இதற்கு நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தக் கதிர்வீச்சே அவர் உயிரையும் குடித்தது. கதிர்வீச்சின் ஆபத்து முழுசாகத் தெரியாத காலம். குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தவர். ரத்தம் ஊறுவது நின்று போகும் நோய் வந்து 1934 ஜூலை 4-ஆம் தேதி காலமானார். அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிர்வீச்சு இருப்பதால் ஈயப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சோதனை சொல்லிக் கொடுக்கும்போது ஆர்வத்தோடு கூடப் பாதுகாப்பையும் சொல்லணும் என்பதற்கு அவர் வாழ்க்கையே பாடம்.

அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்னால், ஐரீனும் அவர் கணவர் பிரெடரிக்கும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதை மேரி கண்ணால் பார்த்துவிட்டார். 1935-இல் அதற்காக அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது பார்க்க அவர் இல்லை.

நம்ம கையில் இருப்பது

சகோதரிகளே, நாம் விஞ்ஞானிகள் இல்லை. ஆய்வுக்கூடமும் இல்லை. ஆனால் மேரியின் கூட்டுப் பள்ளிக்கு இருந்தது பெற்றோர்கள், வாரத்தில் ஒரு மதியம், ஒரு பாட்டில் தண்ணீர். இது நம்மிடமும் இருக்கிறது. தையல் தெரிந்த அக்கா அளவெடுக்கும் கணக்கைச் சொல்லலாம். மாடு வளர்க்கிற அக்கா பால் எப்படித் தயிராகிறது என்று காட்டலாம். காலேஜ் படித்த தங்கச்சி அதற்குக் காரணம் சொல்லலாம். குழுக் கூட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம், ஓரமாக உட்கார வைத்துச் சத்தம் போடாதே என்கிறோம். அந்த நேரத்தில் அரை மணியை அவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

பிள்ளை கேள்வி கேட்டால் நமக்குப் பதில் தெரியணும் என்று அவசியம் இல்லை. தெரியலையே, வா, செஞ்சு பார்க்கலாம் என்று சொன்னால் போதும். தப்பாகச் சொன்னாலும் திட்டு விழாது என்று பிள்ளைக்குத் தெரியணும். அது தெரிந்த பிள்ளைதான் வகுப்பில் கை தூக்கும்.

இன்றைக்கு ராத்திரி அடுப்பிலிருந்து இறக்கினதும் பாத்திரத்தை மூடுவீர்கள். பக்கத்தில் உங்க பிள்ளை இருந்தால், ஏன் மூடுகிறோம் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் வரும் வரை கொஞ்சம் பொறுத்திருங்க.